குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துபவர் ரேஸுக்குப் போகலாமா?

மிக்ஸி ஓடத் தொடங்கினால் வேறு அறைக்குப் போய்விடுவார். குக்கர் விசில் அடிக்கும் முன்பே கை காதுக்குப் போய்விடும். ஆனால் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் ரேஸ் என்றால் எந்தப் பந்தயம் எத்தனை மணிக்கு என்று பல நாள் முன்பிருந்தே மனப்பாடமாக ஒப்பிப்பார். ஆட்டிசம் அல்லது ஏடிஹெச்டி எனும் கவனச்சிதறல் குறைபாடு உள்ள ஒரு ரேஸ் ரசிகர் இருக்கும் வீட்டில் மற்றவர்களுக்கு இது புரிவதே இல்லை. "மிக்ஸி சத்தமே தாங்கல, அங்க போய் என்ன பண்ணப் போற?" என்று கேட்பார்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். சின்னச் சத்தத்தைத் தாங்காதவர் பெரிய சத்தத்தை எப்படித் தாங்குவார் என்பது அவர்கள் கணக்கு. நானும் அப்படிக் கேள்வி கேட்கப்பட்ட ரசிகைதான். அந்தக் கணக்கு ஏன் சரியில்லை, அதே சமயம் அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, இரண்டையும் பார்க்கலாம்.

ஆட்டிசம் உள்ளவர்களின் புலனுணர்வு வேறுபாட்டை மருத்துவ உலகம் முறைப்படி ஏற்றுக்கொண்டது அண்மையில்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு 2013இல் ஐந்தாம் பதிப்பாக வந்தது. ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது அதில்தான். மிகை என்ற பாதியை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். குறைவு என்ற மறுபாதி மறந்துபோகிறது. உடம்பு அதிரும் அளவு ஒலி இருந்தால்தான் சிலருக்கு மனம் ஓரிடத்தில் நிற்கும், அதைத் தேடிப் போவார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் சகஜம். எவர்சில்வர் தட்டு கீழே விழும் கூர்மையான ஓசை வலிக்கும். நெஞ்சுக்கூட்டில் இறங்கும் என்ஜின் உறுமல் நிம்மதியாக இருக்கும். எனக்கு அப்படித்தான்.

சத்தத்தின் அளவைவிட, அதன் மேல் நமக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதுதான் நம்மைப் பாதிக்கிறது. இதைக் காட்டிய பழைய பரிசோதனை ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் 1972இல் நூலாகவே வெளியிட்டார்கள். ஆட்களை உட்காரவைத்து, விட்டுவிட்டுப் பலத்த சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். சிலருக்குச் சீரான இடைவெளியில் வந்தது, சிலருக்குத் தாறுமாறாக. இன்னும் சிலருக்குக் கையருகே ஒரு பொத்தான் வைத்து, அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு எல்லாருக்கும் சில வேலைகள் கொடுக்கப்பட்டன. தாறுமாறான சத்தத்தைக் கேட்டவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள், அதிகத் தப்பு செய்தார்கள். சீரான சத்தம் கேட்டவர்களும் பொத்தான் இருந்தவர்களும் தாக்குப்பிடித்தார்கள். பொத்தானைத் தொடாதவர்களுக்குக்கூட அது அங்கே இருந்ததே உதவியது.

அது ஆட்டிசத்தை மனதில் வைத்துச் செய்த ஆய்வல்ல. இருந்தாலும் என் போன்றவர்களின் அனுபவத்தை அதைவிடத் தெளிவாக யாரும் விளக்கி நான் படித்ததில்லை. நம் ஊரில் அன்றாடம் காதில் விழுவதை அந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் பஸ்ஸின் ஏர் ஹாரன், தெருமுனையில் திடீரென்று வெடிக்கும் ஆயிரம் வாலா, எப்போது நிற்கும் என்றே தெரியாத ஒலிபெருக்கி. ஒன்றும் சொல்லிவிட்டு வருவதில்லை. எதையும் நம்மால் நிறுத்தவும் முடியாது.

ரேஸில் எந்த வகுப்பு எத்தனை மணிக்கு, எத்தனை சுற்று என்பதெல்லாம் அட்டவணையிலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஒரு கார் நம்மைக் கடந்தால் திரும்பி வர ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு நிமிடம். எந்தப் பக்கத்திலிருந்து வரும், எங்கே பிரேக் பிடிக்கும், எங்கே கியர் இறங்கும் என்று இரண்டு சுற்றிலேயே பிடிபட்டுவிடும். மூன்றாவது சுற்றில் காது முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. சத்தம் தூரத்தில் தொடங்கி, ஏறி, நம்மைத் தாண்டும் நொடியில் சுருதி சட்டென்று இறங்கித் தேய்ந்துபோகும். எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே வருவதில் இருக்கும் சந்தோஷம் பெரிது. கையை ஆட்டி, காலைத் தட்டி அதைக் கொண்டாட ரேஸ் மைதானத்தைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே எல்லாருமே ஏதாவது ஒரு விதத்தில் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். யாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு, பந்தயம் தொடங்கும் நேரம். ஃபார்முலா 1இல் ஐந்து சிவப்பு விளக்குகள் நொடிக்கு ஒன்றாக எரியும். ஐந்தும் எரிந்தபின் ஓர் இடைவெளி, அப்புறம் எல்லாம் ஒரேயடியாக அணையும், கார்கள் பாயும். அந்தக் கடைசி இடைவெளியின் நீளம் ஒவ்வொரு தடவையும் மாறும். ஓட்டுநர்கள் முன்னதாகவே கணித்துக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. எல்லா என்ஜினும் ஒரே இடத்தில், எல்லாம் முழு வேகத்தில், அதுவும் எந்த நொடியில் என்று தெரியாமல்: அந்த நாளிலேயே மிகவும் கடினமான கட்டம் இதுதான். முதல் முறை போகிறவர்கள் புறப்படும் கோட்டுக்கு எதிரே டிக்கெட் எடுக்காமல், இரண்டு மூன்று வளைவு தள்ளி உட்கார்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எந்தப் பந்தயம் என்பதும் முக்கியம், ஏனென்றால் எல்லா என்ஜினும் ஒரே மாதிரி கத்துவதில்லை. 2011 முதல் 2013 வரை கிரேட்டர் நொய்டாவின் புத் ஓடுதளத்துக்கு ஃபார்முலா 1 வந்தபோது ஓடியவை 2.4 லிட்டர் வி8 என்ஜின்கள், நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை போகும். அது வீறிடும் ஒலி. 2014இல் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிட் வந்ததும் சத்தம் நன்றாகக் குறைந்தது. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு சக்கரம். முன்பு சத்தமாக வெளியே போன ஆற்றலில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்கிறது. உச்சச் சுற்று வரம்பும் 15,000 ஆகக் குறைந்ததால் சுருதியும் இறங்கியது. அந்த ஆண்டின் முதல் பந்தயம் மெல்போர்னில் முடிந்ததும், சத்தம் போதவில்லை என்று போட்டி அமைப்பாளர்களே குறைபட்டார்கள். பழைய ரசிகர்களின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் காதில் ஒன்றும் வைக்காமல் நிற்கவே முடியாத ஒரு விளையாட்டு, காதைக் காப்பாற்றிக்கொண்டு ரசிக்கக்கூடியதாக மாறியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அப்படியானால் மின்சாரக் கார் ரேஸ் நமக்கு உகந்ததா? 2023 பிப்ரவரி 11 அன்று ஹைதராபாதில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் ஃபார்முலா இ நடந்தது. இந்தியாவில் அதுவே முதல் தடவை. டெசிபல் கணக்கில் அது பல மடங்கு அமைதி. ஆனால் மின்மோட்டாரின் 'ஊய்ங்' என்ற மெல்லிய உச்சஸ்தாயி ஒலியும் டயர் கீச்சிடுவதும் அதில் துல்லியமாகக் கேட்கும். உயர்ந்த சுருதியில் காது கூசுபவர்களுக்கு டர்போ காரின் கனத்த உறுமலே மேலாகப் படலாம். மற்றவருக்கு ஒத்துவந்தது நமக்கும் ஒத்துவரும் என்று நினைக்காமல், போகும் முன்பு அந்த வகைக் காரின் ஒலியை வீடியோவில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வால்யூமைக் கூட்டலாம்.

இனி பயத்தில் இருக்கும் நியாயம். டெசிபல் நேர்க்கோட்டில் ஏறும் அளவு கிடையாது. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பு. வேலையிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு நிறுவனமான நையாஷ், 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்கிறது. அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் வெறும் 15 நிமிடம். ஓடுதளத்தை ஒட்டி நின்றால் 100ஐத் தாண்டுவது சாதாரணம். ஆகவே காது கூச்சம் இருக்கிறவர், இல்லாதவர் என்ற பேதமே இதில் இல்லை. மைதானத்துக்குள் போகும் எல்லாரும் காதை மூட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வெறும் காதோடு ஜாலியாக நிற்கிறார் என்பதைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம். அவருக்குத்தான் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஃபோம் இயர்பிளக்கிலிருந்து தொடங்கலாம். விலை அதிகமில்லை, சரியாகப் போட்டால் அதைவிட நல்லது கிடைப்பதும் கடினம். ஆனால் பெரும்பாலோர் அதைக் காதின் வாசலில் செருகிவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். சுத்தமான விரல்களால் அதைச் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சி அளவுக்கு உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காதின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுத்தால் உள்வழி நேராகும். அப்போது உள்ளே செலுத்தி, விரல் நுனியால் அரை நிமிடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். ஃபோம் மெதுவாக விரிந்து அடைக்கும்; சுற்றியிருக்கும் பேச்செல்லாம் மங்கி, நம் குரல் நமக்கே தலைக்குள்ளிருந்து கேட்கும். அப்படிக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. பெட்டியில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பது கச்சிதமாகப் பொருத்தி அளந்த எண். அரைகுறையாகச் செருகினால் அதில் பாதிகூடக் கிடைக்காது.

காதுக்குள் எதையும் நுழைக்கவே பிடிக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு, காதை வெளியிலிருந்து முழுதாக மூடும் இயர்மஃப் தான் வழி. மூக்குக்கண்ணாடியின் காதில் மாட்டும் கம்பியும், காதோரத்து முடியும் இயர்மஃப்பின் மெத்தைக்கு நடுவே இடைவெளி உண்டாக்கி ஒலியை உள்ளே விடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். சென்னை வெயிலில் அது வியர்த்துக் கொட்டும், தலையை இறுக்கும். சிலருக்கு அந்த இறுக்கமே ஆறுதல், சிலருக்கு அதுவே தலைவலி. முதல் நாளே வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டின் எண்களும் கூடிவிடாது, கூடுதலாக ஏதோ 5 டெசிபல்தான் கிடைக்கும். தொடக்க விளக்குகளின் நேரத்துக்கு அந்த ஐந்தே பெரிய வரம். சின்னக் குழந்தைகளுக்கு ஃபோம் வேண்டாம், வாயில் போட்டுவிடும்; அவர்கள் அளவில் வரும் இயர்மஃப்தான் சரி.

விலையுயர்ந்த நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். அது எதிர் அலையை உண்டாக்கி, விமானத்தின் உள்ளே கேட்பது போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை அழிப்பதற்குச் செய்த பொருள். நொடிக்கு நொடி மாறும் ரேஸ் சத்தத்தில் திணறும், காதுப் பாதுகாப்புக் கருவியாக அதற்குச் சான்றும் கிடையாது. போகும் வழியில், சாப்பாட்டு இடைவேளையில் நன்றாக உதவும். ஓடுதளத்தின் அருகே அதை நம்பக் கூடாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: காதை மூடுவது இதமாக இருக்கிறது என்று வீட்டிலும் நாள் முழுக்க மூடியே வைத்திருந்தால் கூச்சம் கூடத் தொடங்கும் என்று செவிப்புல நிபுணர்கள் சொல்கிறார்கள். ரேஸுக்கு வாங்கியதை ரேஸோடு வைத்துக்கொள்வது நல்லது.

தூரமும் ஒரு பாதுகாப்புதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். இருங்காட்டுக்கோட்டை போன்ற திறந்த ஓடுதளத்தில் பின்வரிசைக்கு ஏறினாலே வித்தியாசம் தெரியும். நகரத் தெருக்களில் நடக்கும் பந்தயத்தில் இது பலிக்காது. கான்கிரீட் தடுப்பும் கட்டடங்களும் ஒலியைத் திருப்பி அடிக்கும், பின்னால் போனால் எதிரொலிதான் கூடும்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பலர் முதன்முதலில் நேரில் பார்த்த ரேஸ் அதுதான். அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாகக் கார்கள் ஓடின. பக்கத்தில் மருத்துவமனைகள் இருப்பதால் சத்தம் பற்றிய வாதம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருந்தது. முதல் நாள் மழையால் சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ ஓடுதளத்துக்குத் தர வேண்டிய சான்று தாமதமாகி, பிற்பகலில் தொடங்க வேண்டிய ஓட்டம் இரவுக்குத் தள்ளிப்போனது. சாதாரண ரசிகருக்கு அது அலுப்பு, அவ்வளவுதான். அட்டவணையை நம்பி மனதைத் தயார்படுத்திக்கொண்டு வருபவருக்கு அதுதான் பேரிடி, ஏனென்றால் கையில் இருந்த பொத்தான் பறிபோய்விடுகிறது. சத்தத்தை எப்படியோ சமாளித்துவிடலாம். எப்போது வரும் என்றே தெரியாமல் நெரிசலில் காத்திருப்பதைச் சமாளிக்க முடியாது.

என்ஜினைக் குற்றம் சொல்கிறோமே தவிர, பல பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்ஜின் இல்லை. இரண்டு பந்தயங்களுக்கு நடுவே கிடைக்கும் அமைதியை விழுங்கும் ஒலிபெருக்கிப் பாட்டு, கத்தும் வர்ணனை, டீசலும் கருகிய ரப்பரும் சேர்ந்த வாடை, தகிக்கும் இரும்பு இருக்கை, எங்கே போகிறது என்றே தெரியாத வரிசை. ஓய்வெடுக்க வேண்டிய இடைவேளையில் காது ஓய முடியவில்லை என்றால் அடுத்த பந்தயத்தைப் பார்க்கத் தெம்பு இருக்காது. பாட்டு நிச்சயம் வேண்டுமென்றால் ஒரு பக்கத்து ஸ்டாண்டில் மட்டும் ஸ்பீக்கரை அணைத்து வைக்கலாம். செலவே இல்லாத காரியம்.

வெளிநாடுகளில் இதற்கான பழக்கங்கள் உருவாகியிருக்கின்றன. லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் 2016இல் தொடங்கியது சூரியகாந்திப் பட்டை. பச்சை நாடாவில் மஞ்சள் பூக்கள். கழுத்தில் போட்டிருப்பவருக்கு வெளியே தெரியாத குறைபாடு ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் நேரமோ பொறுமையோ தேவைப்படலாம் என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். எந்த விளக்கமும் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் கல்ச்சர்சிட்டி என்ற தொண்டு அமைப்பு விளையாட்டு அரங்க ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, காதுமூடியும் கையில் வைத்து உருட்டச் சிறு பொருள்களும் அடங்கிய பைகளை இரவல் தரச் செய்கிறது. அமைதி அறைகளையும் அமைக்க உதவுகிறது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. பண்பாடு, பொழுதுபோக்கில் பங்கேற்கும் உரிமையையும் அது பேசுகிறது. அந்த உரிமையின் பெயரில் என்ஜின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். தாமதமானால் உடனே குறுஞ்செய்தி, எந்த நேரமும் வெளியே போய்த் திரும்பி வர அனுமதி, நிழலில் அமைதியான ஒரு கூடாரம். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

ரேஸ் உலகமும் நமக்கு அந்நியமானது கிடையாது. மூன்று முறை உலக சாம்பியனான ஜாக்கி ஸ்டீவர்ட்டுக்கு டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு இருப்பது தெரிந்ததே ஓய்வுபெற்ற பிறகு, 1980இல்தான். பள்ளியில் மக்கு என்ற பெயரோடு வளர்ந்தவர் அவர். அமெரிக்க நாஸ்கார் பந்தயங்களில் ஓட்டிய ஆர்மனி வில்லியம்ஸ் தனக்கு ஆட்டிசம் இருப்பதைப் பொதுவெளியில் சொல்லிக்கொண்டே காரில் ஏறியவர். ரசிகர் பக்கம் சொல்லவே வேண்டாம். சுற்று நேரங்களை ஆயிரத்தில் ஒரு நொடி வரை எழுதிவைத்து ஒப்பிடுவதும், எந்த டயர் எத்தனை சுற்றில் தேய்ந்தது என்று கணக்குப் போடுவதும் எங்களுக்குச் சாப்பாடு மாதிரி.

முதல் தடவை என்றால் பெரிய திருவிழாவாக நடக்கும் பந்தயத்தைத் தவிர்த்துவிடுங்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் நடத்தும் தேசியச் சுற்றுகளும், கோவை செட்டிப்பாளையத்தில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்ற ஓடுதளத்தில் நடப்பவையும் அளவாக இருக்கும். தகுதிச் சுற்று நாளில் கூட்டம் குறைவு, கார்கள் தனித்தனியாக வரும். வாசல், கழிப்பறை, நிழல் எங்கே என்று அன்றைக்கே பார்த்துவைத்தால் பந்தய நாளில் தேட வேண்டியதில்லை. கூட வருபவரோடு சைகை பேசிவைப்பதும் அவசியம், ஏனென்றால் அங்கே பேச்சு கேட்காது, திணறும்போது எங்களுக்குப் பேச்சும் வராது. நானும் என் அண்ணனும் வைத்திருக்கும் ஏற்பாடு எளிது: கட்டைவிரல் மேலே என்றால் சரி, உள்ளங்கை விரிந்தால் உடனே வெளியே. விரித்த பிறகு அவன் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "என்ன ஆச்சு, தண்ணி வேணுமா, வீட்டுக்குப் போலாமா" என்று அடுக்கினால் அதுவும் சத்தம்தான். முன்னால் நடந்து வழி ஏற்படுத்துவான், நான் பின்னால் போவேன்.

மறுநாளை வேலையில்லாமல் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மகிழ்ச்சியாகவே கழிந்த நாளுக்குப் பிறகும் உடம்பு தளர்ந்து, பேசவே பிடிக்காமல் போகலாம். ஒரு நாள் தூங்கினால் சரியாகிவிடும். காதில் ரீங்காரம் கேட்டால் இயர்பிளக் சரியாக அடைக்கவில்லை என்று பொருள், அடுத்த முறைக்கு வேறு அளவு வாங்க வேண்டும். ஓரிரு நாளில் அது அடங்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.